பெமுலிஹான்

கணேசமூர்த்தி அன்றைக்கும் முட்டியை மடக்கப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் இருக்கிற மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ஒரு நாற்காலியில் தான் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் இடது காலை நீட்டி வைத்துக்கொண்டு, சீனி குறைவாய், நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரேக் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஊன்றுகோல்கள் இரண்டும் மேசையில் சாய்ந்திருந்தன. ரோட்டைத் தாண்டினால் ஆஸ்பத்திரி வாசல். வாடகைக் கார்க்காரன் அந்த வாசலில்தான் இறக்கிவிட்டுப் போயிருந்தான். அவன் போனதும் இவர் திரும்பி ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டார். வர வர இதுவே வழக்கமாகிவிட்டது. கடைக்காரரும் கேட்காமலேயே காலுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடப் பழகிவிட்டார்.

இந்த மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது? திட்டத்தான் வேண்டும். ஊரில் எத்தனையோ பேர் இந்தச் சிகிச்சைக்கு இடம் கிடைக்காமல் அலைகிறார்கள். இவருக்கு இடம் கிடைத்து, நாளும் குறித்துக் கொடுத்து, மகள் காரும் ஏற்பாடு செய்து அனுப்பிவைத்தால், ஐயா வந்து தே தாரேக் குடிக்கிறார். ஆனால் முழுக் கதையும் தெரிந்தவர்களுக்குத் திட்ட வாய் வராது.

தீபாவளிக்கு முந்தின மழைக்காலம் அது. தங்கா பத்துவில் இருக்கிற வீட்டிலிருந்து செங் வட்டாரத்துத் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். சிவப்பு விளக்குக்கு ஒழுங்காக நின்றவரை, ஈர ரோட்டில் வழுக்கிக்கொண்டு வந்த ஒரு லோரி மோட்டாரோடு சேர்த்துத் தள்ளிவிட்டது. உயிர் பிழைத்ததே அந்த மாரியம்மா புண்ணியம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். இடது தொடை எலும்பு முட்டிக்குச் சற்று மேலே நொறுங்கிப் போயிருந்தது. தகடு வைத்து ஆணி முடுக்கிச் சேர்த்தார்கள். சேர்த்த டாக்டர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார். எலும்பு தானாகக் கூடிவிடும், முட்டி தானாக மடங்காது. வந்து பயிற்சி செய்து மடக்கினால்தான் உண்டு. நாள் போகப் போக இறுகிவிடும், பிறகு அழுதாலும் வராது.

அந்த முட்டி மடங்கினால்தான் கணேசமூர்த்திக்கு ஃபோர்க்லிஃப்ட். அதில் ஏறி உட்காரவும், இடது பெடலை மிதிக்கவும் முட்டி வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் என்றால் அவருக்கு வெறும் வேலை இல்லை. கண்ணாடிச் சாமான் அடுக்கிய பலகையை மேல் தட்டில் ஏற்றி இறக்குவார், ஒரு சின்னச் சத்தம் கேட்காது. புதிதாய் வருகிற பையன்களிடம் மேலாளர், "மூர்த்தி அண்ணன் ஓட்டுறதப் பாத்துக் கத்துக்குங்க" என்று சொல்வார். அந்த இடத்தை நோன்புப் பெருநாள் வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகவும் அதே மேலாளர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். சீனப் பெருநாள் முடிந்து நோன்பும் தொடங்கப் போகிறது. முட்டியோ அசையவில்லை.

அவரைத் தடுத்தது வலி இல்லை. வலியைப் பற்றி அவருக்கு ஒரு பயமும் கிடையாது. தூரமும் இல்லை, போக வர வசதியில்லாத குறையும் இல்லை. ஒரு சொல்தான் தடுத்தது. ஒரே ஒரு சொல்.

முதல் நாள் ஒழுங்காகத்தான் போனார். முகம் மழித்து, திருநீறு பூசி, கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவரைப் போலப் போனார். நீளமான நடைவழி. கடைசியில் ஒரு கதவு. கதவுக்கு மேலே மலாயில் எழுதிய நீலப் பலகை. மனுஷன் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், அதுவும் நிதானமாக. 'யூனிட்' வரைக்கும் வந்தார். அடுத்த சொல்லில் 'பெ... மு...' என்று இரண்டு எழுத்துக் கூட்டியதுமே மீதியைக் கூட்டத் தேவைப்படவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு தாதி தலையை நீட்டி, "பெமுலிஹானுக்கு வந்தவங்கல்லாம் உள்ள வாங்க" என்று மலாயில் உரக்கக் கூப்பிட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். கணேசமூர்த்தி ஊன்றுகோலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்த வழியே வெளியே வந்துவிட்டார். எதிரே தெரிந்த மாமாக் கடையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

தாதி பாவம், அவளுக்கு என்ன தெரியும்? அவளுக்கு அது காலையும் கையையும் சரியாக்குகிற இடத்தின் பெயர், பழையபடி ஆக்குவது என்று மலாயில் அர்த்தம். கணேசமூர்த்திக்கு அது டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர்த் தோட்டப் பள்ளிக்கூடம். இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது எழுத்துகள் அவருக்கு மட்டும் இடம் மாறி மாறி உட்காரும். 'மரம்' என்று எழுதியிருப்பதை 'ரமம்' என்று படிப்பார். வகுப்பே சிரிக்கும். இப்படிப் பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று பள்ளியில் தனி வகுப்பு ஒன்று உண்டு. தமிழில் குறைநீக்கல் வகுப்பு என்பார்கள். நல்ல பெயர் வைத்தார்கள் போங்கள், குறை உள்ளவன் என்று நெற்றியிலேயே ஒட்டிவிட்ட மாதிரி! ஆனால் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லாருக்கும் அது அதே மலாய்ச் சொல்லில் பெமுலிஹான் கிளாஸ்தான். காலையில் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே வாத்தியார் வாசலில் வந்து நிற்பார். "பெமுலிஹான் பிள்ளைங்கல்லாம் எந்திரிச்சு வாங்க." எல்லாரும் பார்க்க எழுந்து, எல்லாரும் பார்க்க நடந்து, கேன்டீனுக்குப் பின்னால் உடைந்த மேசைகள் போட்டுவைக்கும் அறைக்குப் பக்கத்து அறைக்குப் போகவேண்டும்.

சொல்லப்போனால் அந்த வாத்தியார் தங்கமானவர். எழுத்துக் கூட்டவே அவரிடம்தான் கணேசமூர்த்தி கற்றுக்கொண்டார். ஆனால் படிப்பு ஒட்டியதைவிடப் பெயர்தான் இறுக்கமாக ஒட்டியது. 'பெமுலி.' பந்து விளையாடும் திடலில் பெமுலி, ஆற்றங்கரையில் பெமுலி, மீசை முளைத்த பிறகும் பெமுலி. கோபம் வந்தால் பெற்ற தகப்பனே அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். கல்யாணம் முடிந்ததும் மலர்க்கொடியின் ஊரான தங்கா பத்துவுக்கே குடிவந்துவிட்டார். பெண்டாட்டி வீட்டோடு போகிறான் பார் என்று தோட்டத்தில் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று வந்தார். அங்கே ஒருத்தருக்கும் அந்தப் பெயர் தெரியாது. மலர்க்கொடிக்குக்கூடத் தெரியாது. எதையாவது படிக்கச் சொன்னால் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லியே இத்தனை வருஷமும் ஓட்டிவிட்டார்.

மலர்க்கொடி செங்கில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமையல் வேலை செய்கிறாள். காலையில் வேலைக்குப் போவதற்கு முன் புருஷனைக் கட்டிலில் உட்காரவைத்து, அந்த நீட்டிய காலைத் தூக்கி சிலுவார் காற்சட்டையை மாட்டிவிட்டுத்தான் போவாள். மத்தியானம் வந்ததும் முதல் கேள்வி, "இன்னைக்கு எப்படிங்க, மடங்குச்சா?"

"வருது வருது. கொஞ்சம் கொஞ்சமா வருது" என்பார் இவர்.

அவள் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்ப்பாள். பிறகு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா வேறு ஒரு கூத்தைக் கிளப்பிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மலர்க்கொடிதான், வானொலியில் கேட்ட நல்ல தமிழ்ச் சொல் ஒன்றைச் சொல்லுவோமே என்று, "அவரு மறுவாழ்வு மையத்துக்குப் போறாருக்கா" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து சொல்லியிருக்கிறாள். இங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் கால் ஞாபகம் வராது. போதைப் பழக்கத்தில் பிடிபட்டவர்களைக் கொண்டுபோய் வைக்கிற இடம்தான் ஞாபகம் வரும்.

"ஐயையோ! எப்பருந்து?" என்றிருக்கிறாள் குஞ்சம்மா.

"கால் உடைஞ்சதுலருந்துதான்."

"பாவம், வலி தாங்க முடியாம பழகிட்டாரு போல."

மலர்க்கொடிக்கு விளங்கவில்லை. உடைந்த காலைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டாள். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை குஞ்சம்மா கோயிலில் கணேசமூர்த்தி பெயருக்கு அர்ச்சனை செய்து, வாழைப்பழமும் திருநீறுமாக வீட்டுக்கே வந்து நின்றாள்.

"இதப் பூசிக்குங்க தம்பி. இனிமே அதத் தொடணும்னே தோணாது."

"எதக்கா?"

"அதத்தான் தம்பி. எங்கிட்ட என்னா வெக்கம்? எங்க அண்ணன் மகனும் அங்க இருந்துட்டு வந்தவன்தான். இப்ப எவ்வளவு நல்லா இருக்கான் தெரியுமா?"

விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் மலர்க்கொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குஞ்சம்மா வெட்கப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். கணேசமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. "பாத்தியா?" என்று பெண்டாட்டியிடம் எரிந்து விழுந்தார். "அந்த எடத்துப் பேர எந்தப் பாஷையில சொன்னாலும் மானம்தான் போவுது. அங்க போறதே தேவையில்லாத வேல."

"அப்ப பேரே சொல்ல வேணாம். கால் மடக்கப் போறீங்க, அவ்வளவுதான். யார் கேட்டாலும் அதச் சொல்லுங்க" என்றாள் மலர்க்கொடி. அவளுக்கு எல்லாமே அப்படிச் சுலபம்.

மகள் அகல்யா ஆசிரியர் பயிற்சி முடித்துப் பள்ளிக்காகக் காத்திருந்தாள். நியமனம் வந்த நாளில் ஜிலேபிப் பெட்டியோடு வீட்டுக்குள் ஓடிவந்தாள். பள்ளிக்கூடம் டுரியான் துங்கால் பக்கம். கேட்டதும் கணேசமூர்த்திக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. தோட்டத்தில் வளர்ந்தவன் பிள்ளை வாத்தியார் ஆகிவிட்டதே, தான் பெற்ற பிள்ளை!

"என்னா கிளாஸ்மா உனக்கு?"

"பெமுலிஹான்பா. நானே கேட்டு வாங்கினேன். அதுக்குத்தான் ஸ்பெஷலா படிச்சேன்ல."

வாயில் வைத்த ஜிலேபியை அவர் விழுங்கவில்லை. "வேற கிளாஸ் கேளு" என்றார்.

"ஏன்பா?"

"கேளுன்னா கேளு. வாத்தியாருன்னா நல்ல கிளாஸுக்குப் பாடம் எடுக்கணும். இதெல்லாம் ஒரு கிளாஸா?"

அகல்யாவின் முகம் விழுந்துவிட்டது. "நீங்களுமாப்பா?" என்றாள். "நான் பயிற்சிக்குப் போன பள்ளியில அப்பா அம்மாங்க வந்து சண்டை போடுவாங்க. எம்பிள்ளைய அந்தப் பேர் வச்ச கிளாஸுக்கு அனுப்ப மாட்டேன்னு. அவங்க படிக்காதவங்க, அவங்களுக்குத் தெரியலன்னு விட்டுருவேன். நீங்க தெரிஞ்சவருன்னு நெனச்சேன்." ஜிலேபிப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அப்பனும் மகளும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு பள்ளி விடுமுறையில் அகல்யாவுக்கு ஒரு போன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. கணேசமூர்த்தியை அழைத்து அழைத்துப் பார்த்துவிட்டு, அவர் எடுக்காமல் போகவே, அவசரத்துக்குக் கொடுத்திருந்த மகளின் நம்பருக்கு அழைத்திருக்கிறார்கள். ஷாந்தினி என்கிற பயிற்சியாளர்தான் பேசியது. "உங்கப்பா ஒரு தடவகூட உள்ள வரலயே சிஸ்டர். வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டீங்களா?"

அகல்யா திகைத்துப் போனாள். அன்றைக்கும் அவள்தான் அப்பாவைக் கார் வைத்து அனுப்பியிருந்தாள். குஞ்சம்மா வீட்டுக் காரை இரவல் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். உள்ளே தேடினாள், வெளியே தேடினாள். விழுந்து கிழுந்துவிட்டாரோ என்று பதறி வாசலில் வந்து நின்றவள் கண்ணில் எதிர்க்கடை பட்டது. இரண்டு நாற்காலி. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் அப்பாவின் கால்.

"இப்பத்தான் முடிச்சிட்டு வந்தேன்மா" என்றார் கணேசமூர்த்தி, அவளைப் பார்த்த வேகத்தில்.

"பொய் சொல்லாதீங்கப்பா. எனக்கு போன் பண்ணிட்டாங்க."

அவர் குவளையைக் கீழே வைத்தார். அகல்யா மூச்சு வாங்க எதிரே உட்கார்ந்தாள். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு. "வலிக்குதாப்பா? பயமா இருக்கா? யாராச்சும் உங்ககிட்ட மரியாதை இல்லாம பேசிட்டாங்களா? சொல்லுங்கப்பா, நான் போய்க் கேக்குறேன்."

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலம்மா. பேருதான்."

"என்னா பேரு?"

"வெளிய போர்டுல போட்டிருக்கே, அந்தப் பேரு." அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் பெமுலிஹான் பையன்மா. ரெண்டாம் வகுப்புலருந்து. எம்பேரே அதுதான் தோட்டத்துல. பெமுலி. அந்தத் தாதி கூப்பிட்டப்ப எனக்குக் கால் அங்கேயே நின்னுடுச்சு. மறுபடியும் எல்லாரும் பாக்க எந்திரிச்சுப் போகச் சொல்றாங்களே, ஒனக்கு இன்னும் கொற தீரலடான்னு சொல்றாங்களேன்னு இருந்துச்சு. உள்ள போக முடியல. நானும் ஒவ்வொரு தடவையும் இன்னைக்குப் போயிரலாம்னுதான் வர்றேன். முடியலம்மா."

வீட்டில் நாளிதழை எப்போதும் தன்னையே ஏன் படித்துக் காட்டச் சொன்னார் என்பதும், மளிகைக் கடையில் அம்மாவையே ஏன் முன்னால் அனுப்புவார் என்பதும் அகல்யாவுக்கு இப்போது விளங்கியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் எம்பிள்ளைங்களப் பாத்து வெக்கப்படணுமாப்பா?"

"ச்சே ச்சே! என்னா பேச்சும்மா இது? சின்னப் பிள்ளைங்க. அதுங்க மேல என்னா தப்பு?"

"பின்ன உங்க மேல என்னாப்பா தப்பு?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. மரத்தை ரமம் என்று படித்த அந்தச் சின்னப் பையன் மேல் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. அவனுக்காக அவருக்கு இப்போதுதான் முதன்முதலாக அழுகை வந்தது. கடை என்றும் பார்க்காமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அகல்யா அவரைத் தேற்றவும் இல்லை, எழுப்பவும் இல்லை. கடைக்காரர் ஒரு குவளை சுடுதண்ணீரைக் கொண்டுவந்து சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்.

அழுது முடித்துத் தானாகவே ஊன்றுகோலை எடுத்தார். ரோட்டில் ஒரு பஸ் போகக் காத்திருந்து தாண்டினார். நடைவழி முழுக்க அகல்யா இரண்டடி பின்னாலேயே வந்தாள். பலகைக்குக் கீழே அவர் ஒரு நிமிஷம் நின்றார். முழுச் சொல்லையும் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தார். பிறகு கதவைத் தள்ளினார்.

உள்ளே அவர் பயந்த மாதிரி ஒன்றுமே இல்லை. ஏணியிலிருந்து விழுந்த ஒரு சீனக் கிழவர் கம்பியைப் பிடித்து நடந்து பழகிக்கொண்டே யாரையோ கேலி செய்துகொண்டிருந்தார். ஒரு மலாய்ப் பெண் கையைத் தூக்க முடியாமல் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"கணேசமூர்த்தி அங்கிளா? ஒருவழியா வந்துட்டீங்களா!" என்று வந்தாள் ஷாந்தினி. சின்னப் பெண், குரல் மட்டும் பெரியது. படுக்கவைத்து முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "சொல்லுங்க அங்கிள். இந்தக் கால வச்சு என்னா செய்யணும்னு ஆசப்படுறீங்க?"

கணேசமூர்த்தி அவளை நம்பாமல் பார்த்தார். உனக்கு என்ன தெரியாது என்றுதான் இதுவரை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். "ஃபோர்க்லிஃப்ட் ஓட்டணும்மா" என்றார்.

ஷாந்தினி அளந்து பார்த்தாள். மறுபடியும் அளந்தாள். "முன்னமே வந்திருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லும்மா. பரவால்ல."

"முன்னமே வந்திருந்தா இந்நேரம் சைக்கிள் மிதிச்சிட்டு இருப்பீங்க அங்கிள். இப்ப ரொம்ப இறுகிடுச்சு. டாக்டர் மறுபடி ஒரு தடவ பாக்கவேண்டி வரும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிடலாம்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். ஆனா பாதியாவது வர வைக்கலாம். நீங்க வந்தாத்தான்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஒரு சொல்லுக்குப் பயந்து ஒரு காலையே கொடுக்கப் பார்த்தோமே என்று வயிறு எரிந்தது. யாரிடம் போய்ச் சொல்வது இந்த வயிற்றெரிச்சலை? "மடக்கும்மா" என்றார்.

மடக்கினாள். "அம்மாடியோவ்!" என்று அவர் போட்ட சத்தத்தில் சீனக் கிழவர் நடையை நிறுத்திவிட்டு, "நல்லா கத்துங்க, காசா பணமா" என்று மலாயில் கத்தினார். கணேசமூர்த்திக்கு வலிக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. முட்டி ஒரு விரற்கடைகூட அசைந்த மாதிரி தெரியவில்லை. அசைந்தது என்று ஷாந்தினி சொன்னாள்.

முடிந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "அம்மாகிட்ட நான் சொல்லட்டுமாப்பா?" என்று கேட்டாள் அகல்யா.

"வேணாம். நான்தான் சொல்லணும். நீ போய்க் காரக் கொண்டா."

மலர்க்கொடி போனை எடுத்ததும் கேன்டீன் தட்டுகளின் சத்தம் கேட்டது. "என்னங்க? என்னாச்சு, விழுந்துட்டீங்களா?"

"விழல மலரு. இன்னைக்குத்தான் உள்ள போனேன். இத்தன நாளும் போகல. எதுத்தாப்புல மாமாக் கடையில உக்காந்துட்டு வந்து, மடங்குது மடங்குதுன்னு உங்கிட்டப் பொய் சொன்னேன். கால் ரொம்ப இறுகிடுச்சாம். ஃபோர்க்லிஃப்ட் கஷ்டமாம்."

தட்டுச் சத்தம் குறைந்தது. எங்கோ ஒதுக்குப்புறமாக நடந்து போகிறாள் போல.

"தெரியும்" என்றாள்.

"என்னா தெரியும்?"

"காலையில உங்க காலத் தூக்கி சிலுவார் மாட்டிவிடுறது யாருங்க? கட்ட மாதிரி கெடக்குது. மடங்குதுன்னு சொன்னா நம்பிருவேனா நானு?"

"பின்ன ஏன் கேக்கல நீ?"

"எத்தன தடவ வாய் வரைக்கும் வந்துச்சு தெரியுமா? உங்களுக்குச் சொல்ல முடியாதது என்னமோ இருக்குன்னு மட்டும் தெரிஞ்சுச்சு. கேட்டா வீட்ட விட்டே வெளிய வரமாட்டீங்களோன்னு பயந்துட்டேன். சட்டைய மாட்டிக்கிட்டு வாசல் வரைக்குமாச்சும் போறீங்களே, என்னைக்காச்சும் ஒரு நாள் உள்ள போயிருவீங்கன்னு இருந்தேன்." அவள் குரல் உடைந்தது. "கேட்டிருக்கணும்ங்க. நான் கேட்டிருந்தா உங்க காலு..."

"அழாத மலரு. உன்னால இல்ல." அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். "இப்பக் கேளேன்."

"என்னாத்த?"

"ஏன் போகலன்னு கேளு."

வெளியே அகல்யா ஹாரன் அடித்தாள். அவர் கையைக் காட்டி, இரு என்றார். போனில் மலர்க்கொடி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஏன்ங்க போகல?" என்று கேட்டாள்.

கணேசமூர்த்தி இரண்டாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தார்.